கடைசிப் பாட்டு ஓடுகிறது

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். அறுபதைத் தாண்டிய பிறகு சொந்தமாக ஒரு ராக் பேண்டு ஆரம்பித்து, நானே எழுதிய பாட்டுகளை ஆல்பமாகப் பதிவு செய்யப் போகிறேன் என்றபோது என் மனைவி கேட்டது ஒன்றுதான். "எல்லாம் சரி, உங்ககூட சண்ட போடாம எத்தினி பேரு இருப்பாங்க?"

இரண்டு பேர் கிடைத்தார்கள். டிரம்ஸ் வாசிப்பவர் அரசுப் பள்ளியில் விளையாட்டு வாத்தியார். செங்கம் ரோட்டில் வீடு. நான் 'வாத்தியாரே' என்பேன், அவர் 'அண்ணா' என்பார். பேஸ் கிட்டார் வாசிக்கும் பெண்ணுக்குக் கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில் வீடு. தன் வீட்டு மாடி அறைச் சுவரெல்லாம் பழைய மெத்தைகளைக் கட்டி, அங்கேயே பதிவு செய்யும் வசதியும் வைத்திருந்தாள். மைக் எல்லாச் சத்தத்தையும் பிடித்துவிடும் என்று ஃபேன் போட விடமாட்டாள். வேர்வையில் குளித்துக்கொண்டே வாசித்தோம். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு! வாலிபத்திலிருந்து திருவிழா மேடைகளில் சினிமாப் பாட்டே வாசித்தவன். இது என் பாட்டு.

கடைசிப் பாட்டு மட்டும் அடங்கவே இல்லை. முடிவில் என் கிட்டார் தனித்து வரும் இடத்தில் வேகம் கூடிக்கொண்டே போனது.

"இன்னா வாத்தியாரே, ஓட்டப்பந்தயமா?" என்றேன். சிரித்தார். மறுபடி வாசித்தோம், மறுபடியும் ஓடியது. காதுக்குள் 'டிக் டிக்' என்று அளவு தட்டும் ஒலியைப் போட்டுக்கொண்டோம். அதையும் மிதித்துக்கொண்டு போனது. எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"நாளைக்கு நீ வர வேணாம்பா. மெஷின்ல தாளம் போட்டுக்கறேன். அது ஓடாது."

அவர் குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டார். "சரிண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். என் பாட்டுக்கு மெனக்கெட்டு வாசிக்க இந்த ஊரில் அவரை விட்டால் ஆளே இல்லை. அவர் போனால் பேண்டே இல்லை. தெரிந்தும் வாயைக் கட்ட முடியவில்லை.

மறுநாள் மதியம், மெஷின் தாளத்தைப் பொருத்துவதற்காக அந்தப் பெண் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியே போட்டுக் கேட்டாள். திடீரென்று என்னைக் கூப்பிட்டாள். "சார், இதக் கொஞ்சம் கேளுங்க."

முன்னால் ஓடியது கிட்டார். டிரம்ஸ் மயிரிழை பின்னால், விடாமல் கூடவே வந்தது.

அடப்பாவி, நானா! எனக்கு உடனே புரிந்தது. திருவிழாக் கச்சேரியில் பத்து மணி ஆகப்போகிறது என்றால் போலீஸ்காரர் மேடைக்குக் கீழே வந்து நின்று கைக்கடிகாரத்தைக் காட்டுவார். கடைசிப் பாட்டை அவசர அவசரமாக அள்ளிக் கொட்டிவிட்டு மைக்கை அணைக்க வேண்டும். காலமெல்லாம் அப்படி வாசித்த கை, போலீஸ் இல்லாத மாடி அறையிலும் பயந்து ஓடியிருக்கிறது.

ஃபோன் செய்தேன், வாத்தியார் எடுக்கவில்லை. அன்றைக்குப் பார்த்துப் பௌர்ணமி, கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள். செங்கம் ரோட்டுக்கு நடந்தேன். கிரிவலக் கூட்டம் மொத்தமும் எதிரே வந்தது.

"இன்னா பெரியவரே, மலையத் தலகீழா சுத்துறீங்க?" என்று ஒரு அம்மா அதட்டினாள்.

"ஒருத்தர்கிட்ட மன்னிப்பு கேக்கணும்மா."

"அப்டின்னா போங்க, போங்க" என்று பக்கத்தில் வந்தவர்களையும் ஒதுக்கி வழிவிட்டாள்.

வாத்தியார் வீட்டு வாசலில் நின்று, நடப்பவர்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினார். நான் வாங்கவில்லை.

"ஓடினது நீ இல்ல வாத்தியாரே. நான்."

"தெரியும்ணா."

"தெரியுமா? அப்ப ஏன்யா வாயத் தொறக்கல? திட்டு வாங்கிக்கினு பேசாம போன?"

"சொல்லியிருந்தா கைய அடக்கி அடக்கி வாசிப்பீங்க. அந்த எடத்துல உங்க மூஞ்சிய நீங்க பாக்கல. நான் பாத்தேன். சின்னப் புள்ள மாதிரி அவ்ளோ குஷி. நான் நின்னுட்டா நீங்க தனியாப் போயிடுவீங்களே. அதான் கூடவே வந்துட்டேன்."

நான் பயம் என்று நினைத்ததை அவர் குஷி என்றார். மோரை வாங்கிக் குடித்தேன்.

அந்தப் பாட்டை நாங்கள் திரும்பப் பதிவு செய்யவில்லை. ஓட்டத்தோடு அப்படியே ஆல்பத்தில் இருக்கிறது. பாட்டைக் கேட்டவர்கள் யாராவது முடிவில் டிரம்ஸ் கொஞ்சம் ஓடுகிறதே என்று சொன்னால், "ஓடறது நான். அவரு என்னத் தனியா விடல" என்கிறேன்.