கவின் மட்டும் நேராக நடந்தான்

1. மாவுக்கட்டு

ஜூலை 8, திங்கட்கிழமை. எட்டு மணிக்குத் திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் நான் வேலை பார்க்கும் டே-கேரைத் திறந்தேன். பாய்களை விரித்தேன். தண்ணீர் பாட்டில்களைப் பெயர் தெரியும்படி அடுக்கினேன்.

ஒன்பது மணிக்கு நிரஞ்சன் இடது காலில் மாவுக்கட்டோடு வந்தான். வயது நான்கு; என் அறைக்கு அவன்தான் தலைவன். மதியச் சோற்று நேரத்துக்குள் மற்ற பிள்ளைகளும் இடது காலை இழுத்து இழுத்து நடந்தார்கள்.

கவின் மட்டும் நேராக நடந்தான். திருநெல்வேலியிலிருந்து புதிதாக வந்தவன். யாரோடும் சேராமல் செருப்பு அலமாரி ஓரம் உட்கார்ந்திருப்பான்.

2. பிக்கப் நேரம்

செவ்வாய் மாலை அழைத்துப் போக வந்த பெற்றோர், பிள்ளைகள் ஏன் நொண்டுகிறார்கள் என்று தரையைத் தட்டிப் பார்த்தார்கள். ஒரு அப்பா தானே நொண்டிப் பார்த்தார். கவினின் அம்மா என்னைத் தனியே இழுத்தார்.

"டீச்சர், எல்லாப் பிள்ளையளும் நொண்டுது. இவனுக்கு மட்டும் என்ன கொறச்சல்?"

"நல்லாத்தானேம்மா நடக்கான்?"

"அதான் பயமா இருக்கு."

மேனேஜர் பீனா மலையாளம் கலந்த தமிழில் முடிவே செய்துவிட்டார். "அவன் மிங்கிள் ஆகுன்னில்ல டீச்சரே. வெள்ளிக்குள்ள சேரலேன்னா பேபி ரூமுக்கு மாத்தாம்."

பேபி ரூமில் பேச்சு வராத குழந்தைகள்தான். அங்கே போனால் இவன் பேசும் கொஞ்சமும் நின்றுபோகும் என்று பயந்தேன்.

புதன்கிழமை, நேராக நடப்பதுதான் இன்றைய விளையாட்டு என்று நடந்து காட்டினேன். நிரஞ்சன் மற்றவர்களிடம் சொன்னான்: "டீச்சருக்கு நடக்கவே அறியில்லா. பாவம்." எனக்கு நடக்கத் தெரியாதாம்.

3. தப்புக் கால்

வியாழன், பழம் கொடுக்கும் நேரம். கவின் எழுந்து நொண்டிக்கொண்டே வந்தான். இழுத்தது வலது காலை.

"அது தப்புக் காலு!" என்று பாயில் இருந்த அஞ்சலி கத்தினாள்.

"எனக்கு இதுதாம் வலிக்கி."

நிரஞ்சன் யோசித்தான். எழுந்து வலது காலை இழுக்கப் பார்த்தான், பொத்தென்று உட்கார்ந்தான், சிரித்தான். கவின் கை கொடுத்துத் தூக்கினான். அதற்குள் மற்றவர்கள் கால் மாற்றிவிட்டார்கள்.

மாலையில் கவினின் அம்மா கணவருக்குப் போன் போட்டார். "ஏங்க, எம்புள்ள நொண்டுதான்!" கண்ணீர் விட்டார். பீனா வந்து பார்த்துவிட்டு, "இனி பேபி ரூம் வேண்டா" என்றார்.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கூட்டம் பிள்ளையை மாற்ற அரை நாள் போதும். பிள்ளையும் கூட்டத்தை மாற்றும். அதற்குக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும்.

வெள்ளி காலை முதல் வேலையாக வாசலில் நின்று கால்களைப் பார்த்தேன். எல்லாரும் இழுத்தது வலது காலைத்தான். கடைசியாக நிரஞ்சன் அப்பாவின் தோளில் வந்தான். வலது காலிலும் ஒரு துண்டைச் சுற்றியிருந்தான்.