பிளாஸ்டிக்கைத் தள்ளக் கற்ற வண்டிகள்

குளிர்கிடங்கில் அவளை எல்லாரும் 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்கள். பெட்டி சுமக்கும் ரோபோ வண்டிகளுக்குப் பாடம் சொல்வது அவள் வேலை. லேபிள் ஒட்ட வந்தவள், வண்டிகள் எங்கே முழித்துக்கொண்டு நிற்கின்றன என்று கவனித்துக் கவனித்தே இந்த வேலைக்கு உயர்ந்தாள். "என் தங்கச்சி சொன்னா இரும்பும் கேக்கும்" என்று, அங்கேயே பெட்டி கழுவும் அண்ணன் போவோர் வருவோரிடமெல்லாம் பீற்றிக்கொள்வான்.

ஒரு வண்டிக்குச் சொன்னால் போதும். அது சார்ஜ் ஏறப் போய் நிற்கும்போது, கற்றதை மற்றவற்றுக்கும் கொடுத்துவிடும்.

அன்று காலை, குளிரறை வாசலில் தொங்கும் பிளாஸ்டிக் திரையைச் சுவரென்று நினைத்து வண்டிகள் நின்றன. அவள் ஒன்றைக் கையால் பிடித்து, திரைக்குள் திரும்பத் திரும்பத் தள்ளி நடத்தினாள். ஆடுகிற பிளாஸ்டிக்கை முட்டிக்கொண்டு போகலாம் என்று அது கற்றது. மதியத்துக்குள் எல்லா வண்டிகளும் கற்றுவிட்டன.

சாப்பிட்டுத் திரும்பும்போதுதான் பார்த்தாள். கழுவுமிடத்துக்குப் போகும் வழியில் யாரோ பிளாஸ்டிக் ஏப்ரன் ஒன்றைக் காயப்போட்டிருந்தார்கள். பெட்டி ஏற்றிய வண்டி ஒன்று வேகம் குறைக்காமல் அதை இடித்துத் தள்ளிக்கொண்டு போனது.

அண்ணன் கணுக்கால்வரை கட்டியிருப்பதும் அதே மாதிரி பிளாஸ்டிக் ஏப்ரன்தான்.

"அண்ணா! ஏப்ரனைக் கழட்டு!"

தண்ணீர் இரைச்சலில் அவன் காதில் விழவில்லை. தொட்டிக்குள் குனிந்திருந்தான். வண்டி அவன் பக்கம் திரும்பியது. ஓடிப்போய் அவனுக்கும் வண்டிக்கும் நடுவே நின்றாள். அவள் போட்டிருந்தது துணிக் கோட்டு, பிளாஸ்டிக் இல்லை. வண்டி நின்றுவிடும் என்று புத்திக்குத் தெரிந்தது, உடம்புக்குத் தெரியவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

வண்டி அவள் முழங்காலை உரசாத குறையாக நின்றது.

அண்ணன் நிமிர்ந்தான். "என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே? உன் சிஷ்யப்புள்ள பாடம் ஒப்பிக்க மாட்டேங்குதா?"

"ஒப்பிக்குது. நான் சொன்னதை அச்சுப் பிசகாம ஒப்பிக்குது. பிளாஸ்டிக்னா முட்டித் தள்ளிட்டுப் போகுது. மொதல்ல அதைக் கழட்டு!"

அவள் குரலைக் கேட்டதும் அவன் சிரிப்பு அடங்கியது. ஏப்ரனை அவிழ்த்து எறிந்தான். அவள் வண்டியின் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். பின்னால் சக்கரச் சத்தம். அதற்கும் பின்னால் இன்னொன்று.

"எல்லாத்துக்கும் தெரியுமா?" அண்ணன் மெல்லக் கேட்டான்.

"எல்லாத்துக்கும். நீ வாசல்ல நில்லு. ஏப்ரனோட ஒருத்தரையும் உள்ள விடாதே."

நனைந்த உடம்போடு அவன் வாசலுக்கு ஓடினான். அவள் அடுத்த வண்டியின் பொத்தானை அழுத்த ஓடினாள்.