ஹாஃப் கிளட்ச் டீச்சரும் தையல்காரரின் லைசென்ஸும்

கட்டின புருஷன் டிரைவிங் டெஸ்டில் ஃபெயிலாக வேண்டும் என்பதற்காகவே ஒரு பெண்மணி, டெஸ்டுக்கு முந்தின நாள் பைக்கின் கிளட்சில் கை வைத்துவிட்டாள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. கிளம்பிய வேகத்தைப் பார்த்தால் அந்தப் பேச்சுக்கு லைசென்ஸே தேவையில்லை. காலையில் சலூனில் ஏறி, மதியம் ஜெராக்ஸ் கடையில் இறங்கி, சாயங்காலத்துக்குள் அதற்குக் கை கால் முளைத்துவிட்டது. "டயர்ல காத்தைப் புடுங்கி விட்டாளாமே" என்றார் ஒருவர். "பெட்ரோல் டேங்க்ல சர்க்கரையாம்" என்றார் இன்னொருவர். யார் சொன்னது என்று கேட்டால் ஆளுக்கொரு திசையில் கை காட்டினார்கள்.

விசாரித்துப் பார்த்ததில் சர்க்கரை பொய். காற்றும் பொய். ஆனால் கிளட்சில் கை வைத்தது நிஜம். டெஸ்டுக்கு முந்தின நாள் வைத்ததும் நிஜம். அவர் ஃபெயிலானது அதனால்தான் என்பதும் நிஜம். இவ்வளவும் நிஜமாக இருந்தும் பேச்சு பொய்தான். எப்படி என்று கேட்டால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அந்தப் பெண்மணி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பைக் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பள்ளி என்றால் ஒரு மேசை, ஒரு முதலாளி, ஒரு பைக், பின்னால் ஒரு மைதானம். மைதானத்தின் நடுவில் நின்று நாள் முழுக்க "ஹாஃப் கிளட்ச்! ஹாஃப் கிளட்ச்!" என்று அவள் கத்துவது மூன்று தெருவுக்குக் கேட்கும். அதனால் ஹாஃப் கிளட்ச் டீச்சர் என்று பெயர். கிளட்ச் லீவரை முழுக்கவும் விடாமல், முழுக்கவும் பிடிக்காமல் பாதியில் வைத்தால் இன்ஜினும் சக்கரமும் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும். மாமியார் வீட்டு சோபாவின் நுனியில் உட்கார்ந்திருக்கிற புது மாப்பிள்ளை மாதிரி. உட்கார்ந்த மாதிரியும் இருக்கும், எழுந்துகொள்ளப் போகிற மாதிரியும் இருக்கும். அந்த நிலையில் வண்டியை ஊர்ந்து போக வைக்கத் தெரிந்தவன்தான் டெஸ்டில் எட்டு போடுவான், மேட்டில் நிறுத்தி எடுப்பான். பள்ளிச் சுவரில் முதலாளி எழுதி வைத்திருந்தார்: "எங்களிடம் படித்தவர் ஃபெயிலானதில்லை." அந்தப் போர்டு ஆணியில் தொங்கவில்லை, தன் தொண்டையில்தான் தொங்குகிறது என்று டீச்சருக்கு ஒரு நினைப்பு. ஊரும் அதை மறுக்கவில்லை.

அவளுடைய வீட்டுக்காரர் தையல்காரர். நல்ல கனமான ஆள். அளவெடுக்கக் குனிந்தால் நாற்காலி பின்னால் நகர்ந்து வழிவிடும். இத்தனை வருஷம் பைக் ஓட்டப் பழகாமலே காலத்தை ஓட்டிவிட்டார். இப்போது ஒரு சீருடைக் கம்பெனி அவருக்கு வேலை தருவதாகச் சொன்னது. ஊரைச் சுற்றியுள்ள பள்ளிகளுக்கெல்லாம் போய் அளவெடுத்து வர வேண்டும். வண்டி கம்பெனி தரும். மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் மட்டும் காட்ட வேண்டும். கடைத் தையலில் கண் மங்கிக்கொண்டு வந்த மனிதருக்கு அந்த வேலை வானத்திலிருந்து விழுந்த மாதிரி. ஆகவே தையல்காரர் மனைவியிடமே மாணவராகச் சேர்ந்தார். மைதானத்தில் மட்டும் அவள் அவரை "அடுத்த ஆள் வாங்க" என்று கூப்பிட்டாள். வீட்டில் வழக்கம்போல "என்னங்க"தான்.

டெஸ்ட் நெருங்கியபோது பள்ளி பைக்கின் பின் டயர் மொட்டையாகிவிட்டது. முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை.

"டயர்ல பட்டன் கட்டை கட்டையா இன்னும் தெரியுதே டீச்சர். ஓடும்."

"அந்தக் கோட்டுப் பள்ளத்துக்குள்ள பாருங்க சார். குறுக்கால சின்னச் சின்னதா மேடு வச்சிருப்பான். பட்டன் தேய்ஞ்சு அந்த மேட்டுக்குச் சமமா வந்துட்டா டயரை மாத்துன்னு அர்த்தம். உங்க டயர்ல அந்த மேடே தேய்ஞ்சு போச்சு."

கடைசியில் முதலாளியும் டீச்சரும் டயர் கடைக்குப் போனார்கள். அதையும் ஒர்க் ஷாப்பையும் ஒன்றாக நடத்துகிறவர் ஒரு கையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டே இன்னொரு கையால் வியாபாரம் பேசுகிறவர். முதலாளியின் கண் நேராக ஒரு அகல டயரின் மேல் போய் விழுந்தது.

"இதைப் பின்னாடி மாட்டினா வண்டி சிங்கம் மாதிரி இருக்கும்!"

"சிங்கம் எட்டு போடுமா சார்?" என்றாள் டீச்சர். "நம்ம ரிம் சின்னது. இந்த டயரை மாட்டினா சின்னப் பையனுக்கு அப்பா சட்டையைப் போட்ட மாதிரி இருக்கும். வண்டியை வளைச்சா வண்டி முதல்ல போகும், டயர் யோசிச்சுட்டுப் பின்னாடி வரும். செயின் கவர்ல ஒட்டியிருக்கே, அந்த அளவுதான் வேணும்."

கடைக்காரர் சரியான அளவில் ஒன்றை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். "நேத்துதான் வந்துச்சுக்கா. பளபளன்னு இருக்கு பாருங்க."

டீச்சர் டயரின் பக்கவாட்டைத் திருப்பி நான்கு நம்பர் உள்ள ஒரு சின்ன முட்டை வடிவத்தைத் தேடிப் பிடித்தாள். "கடைக்கு நேத்து வந்திருக்கும்ணே. உலகத்துக்கு எப்ப வந்துச்சுன்னு இங்க எழுதியிருக்கான். முதல் ரெண்டு நம்பர் வாரம், அடுத்த ரெண்டு வருஷம். இது பிறந்தப்போ என் பொண்ணு அஞ்சாவது படிச்சா. இப்போ பத்தாவது." நகத்தால் அழுத்திப் பார்த்தாள். ரப்பர் இறுகிக் கிடந்தது, அசையவில்லை. கடைக்காரர் முகம் அசைந்தது.

"உங்களுக்காக உள்ள ஒண்ணு வச்சிருக்கேன்" என்று எழுந்து போனார். உள்ளேயிருந்து வந்தது நிஜமாகவே புதுசு. மாட்டும்போது டயரில் அம்புக்குறி முன்பக்கம் பார்க்கிறதா என்று அவள் குனிந்து பார்த்தாள். பார்த்தது. எல்லாம் அவள் சொன்னபடியே நடந்தது. அவளுக்கு அது புதிதல்ல.

அன்றைக்கே புது டயரோடு தையற்கடைக்குப் போய் வீட்டுக்காரரை ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். மேம்பாலத்தில் ஏறும்போது இன்ஜின் ஊளையிட்டது. வண்டி ஊர்ந்தது.

"புது டயர் வழுக்குதோ?" என்றார் அவர்.

"டயர் வழுக்கினா வண்டி பின்னாடி ஆடும். இது ஆடலையே. சத்தம்தான் ஏறுது, வண்டி ஏறல. உங்க அண்ணன் மாதிரி."

"எங்க அண்ணனை ஏம்மா இழுக்கிற?"

"வண்டியை ஓரங்கட்டுங்க."

இறங்கி வாங்கி அவளே ஓட்டிப் பார்த்தாள். டாப் கியரில் மெதுவாகப் போய்த் திடீரென்று ஆக்ஸிலரேட்டரை முறுக்கினாள். சத்தம் மட்டும் எகிறியது. வேகம் முன்பு இருந்த இடத்திலேயே இருந்தது. கிளட்ச் வழுக்குகிறது. லீவரை ஒற்றை விரலால் தட்டிப் பார்த்தாள். கொஞ்சம் லொடலொடவென்று ஆடிவிட்டுத்தான் கேபிளை இழுக்க வேண்டும். ஆடவே இல்லை. கேபிள் கொடிக்கயிறு மாதிரி விறைத்து நின்றது. இழுத்துக் கட்டிய கேபிள் கிளட்சை ஒருபோதும் முழுதாகச் சேரவிடாது. சேராமல் உரசி உரசியே உள்ளே பிளேட் தேயும். அங்கேயே கேபிளைத் தளர்த்திவிட்டு மறுபடி ஏற்றிப் பார்த்தாள். ஊளை கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. பிளேட் போய்விட்டது.

நேராக முதலாளி மேசைக்கு முன்னால் போய் நின்றாள். "கிளட்ச் ஒயரை யாரு சார் இப்படி இறுக்கினது?"

"நான்தான்" என்றார் முதலாளி, பரிசு கொடுக்கக் கூப்பிட்ட மாதிரி. "பசங்க சடார்னு கிளட்சை விட்டு வண்டியை ஆஃப் பண்ணிட்டே இருந்தாங்க. அழுதுட்டே போனாங்க. ஒயரை ஒரு இழு இழுத்து வச்சேன். அப்புறம் ஒருத்தனும் ஆஃப் பண்ணல. எப்படி விட்டாலும் வண்டி ஓடும். போர்டு எப்ப மாட்டினேன்னு நினைக்கிறீங்க?"

டீச்சர் சுவரில் இருந்த போர்டை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷம் கத்திய ஹாஃப் கிளட்செல்லாம் ஏற்கெனவே ஹாஃபாகவே கிடந்த கிளட்சுக்குத்தான் போயிருக்கிறது. தோல்வியே காணாத தொண்டை என்று நினைத்திருந்தது கேபிளில் முறுக்கின ஒரு நட்டுதான்.

ஆனால் அவள் அதிகநேரம் போர்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஜாதி இல்லை.

"நாளைக்கே பிரிச்சுப் புது பிளேட் போடுறோம்."

"நாளன்னைக்கு டெஸ்ட் டீச்சர். அது முடியட்டுமே."

"மேம்பாலமே ஏறல சார். எங்க வீட்டுக்காரர் வெயிட்டுக்கு டெஸ்ட் மேட்டுல நிறுத்தி எடுக்கச் சொன்னா எங்க ஏறும்? உருண்டு பின்னாடிதான் வரும்."

"புது கிளட்ச் வெடுக்குன்னு பிடிக்கும். பசங்க தடுமாறுவாங்க."

"என் பசங்க எந்தக் கிளட்சையும் ஓட்டுவாங்க. நான் சொல்லிக்கொடுத்திருக்கேன்."

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அவள் அப்படிச் சொன்னது பாதி புருஷனுக்காக, பாதி போர்டுக்காக. எந்தப் பாதி கனம் என்று அவளும் எடை போட்டுப் பார்க்கவில்லை.

மறுநாள் கடைக்காரர் கிளட்ச் கவரைக் கழற்றினார். கருகின வாசனை முதலில் வந்தது, அப்புறம்தான் ஆயில் வந்தது. தேய்மானப் பிளேட்டுகள் அப்பளம் மாதிரி மெலிந்திருந்தன. இடையில் இருந்த இரும்புப் பிளேட்டுகளில் சூட்டுக்கு நீலம் பாய்ந்திருந்தது. "எத்தனை பேருக்கா இதுல படிச்சாங்க?" என்று அவர் அனுதாபத்தோடு கேட்டார். எல்லாவற்றையும் மாற்றி, புது ஆயில் ஊற்றி, கேபிளை முறையாக வைத்தாயிற்று. வண்டி இப்போது தொட்டால் பாய்ந்தது.

டெஸ்ட் அன்றைக்கு மற்ற மாணவர்களை விடியற்காலையிலேயே வரச்சொல்லி ஆளுக்கு இரண்டு ரவுண்டு விட்டாள். தடுமாறினார்கள், திட்டு வாங்கினார்கள், பிடித்துக்கொண்டார்கள். தையல்காரர் மட்டும் வரவில்லை. அவசரமாக ஒரு கோட்டுக்குக் கை வைத்துக்கொடுக்க வேண்டியிருந்ததாம். கழுத்தில் இன்ச் டேப்போடு வேர்க்க விறுவிறுக்க அவர் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு வந்து சேர்ந்தபோது டெஸ்ட் வைக்கிற ஆய்வாளர் அவர் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அதே வண்டிதாங்க. கிளட்ச் மட்டும் புதுசு. மெதுவா விடுங்க" என்றாள்.

எவ்வளவு மெதுவாக என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. பழகின வண்டிதானே!

எட்டு பிரமாதமாகப் போட்டார். புது டயர் வளைவில் கோந்து மாதிரி ஒட்டியது. மேட்டின் நடுவில் நிறுத்தினார். எடுத்தார். ஆஃப். மறுபடி எடுத்தார். வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு துள்ளு துள்ளி, ஆஃப். மூன்றாவது தடவை துள்ளக்கூட இல்லை.

ஆய்வாளர் அவர் கழுத்தைப் பார்த்தார். "அளந்து பார்த்தது போதும் சார். அடுத்த வாரம் வாங்க."

அடுத்த வாரத்தை விட்டால் மாதம் முடிந்துவிடும். வேலையும் போய்விடும். அந்த எரிச்சலில் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவரிடம் தையல்காரரே சொல்லிவிட்டார்: "டெஸ்டுக்கு முந்தின நாள் கிளட்ச்ல கை வச்சுட்டா சார்." அந்த வாடிக்கையாளர் அங்கிருந்து நேராகப் போனது சலூனுக்கு. பேச்சு பிறந்த வீடு அதுதான்.

ராத்திரிச் சாப்பாட்டில் விஷயம் வெடித்தது.

"பழகக் கொடுத்தது ஒரு கிளட்ச், பரீட்சைக்குக் கொடுத்தது ஒரு கிளட்ச். இது யார் தப்பு?"

"வண்டிக்கு நல்லதுதானே பண்ணினேன்?"

"வண்டிக்குப் பண்ணின. எனக்கு?"

"நீங்க ஏன் லேட்டா வந்தீங்க?"

"சரி, லேட்டா வந்தது என் தப்பு. சொல்லிட்டேன் பாத்தியா, பல்லு ஒண்ணும் விழல. இப்ப நீ சொல்லு."

"கேஸை ஆஃப் பண்ணினேனா தெரியல" என்று அவள் எழுந்து போனாள்.

மறுநாள் சாயங்காலம் மைதானத்தில் அவரும் வண்டியும் அவளும். "ஹாஃப் கிளட்ச்!" என்று அவள் ஆரம்பித்தாள். ஆஃப். "ஹாஃப் கிளட்ச்ங்க!" ஆஃப்.

"கொஞ்சம் கத்தாம இரும்மா" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியிலேயே உட்கார்ந்து யோசித்தார். அவருடைய கடை மெஷினில் மேசைக்கு அடியில் இருக்கிற மோட்டாரிலும் ஒரு கிளட்ச் உண்டு. பெடலை ஒரேயடியாக மிதித்தால் ஊசி பறந்துவிடும். காலர் முனையைத் திருப்பும்போது, துணி லேசாக அசைகிற இடம் வரைக்கும் மிதித்து, அங்கேயே காலை நிறுத்தி வைப்பார். எத்தனையோ வருஷமாகச் செய்கிறார். காலுக்குத் தெரிந்தது கைக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். லீவரை நூல் நூலாக விட்டார். வண்டி லேசாக அசைந்தது. அங்கேயே நிறுத்தினார். கொஞ்சம் முறுக்கினார். வண்டி கிளம்பிவிட்டது.

டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். கத்துவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் மேட்டில் நிறுத்தி எடுத்தார். ஆய்வாளர் இன்ச் டேப் எங்கே என்று கேட்டார், அவ்வளவுதான். லைசென்ஸ் வந்தது, கம்பெனி வண்டி வந்தது, வேலை வந்தது. முதலாளி போர்டை இறக்கவில்லை. பெயின்டரைக் கூப்பிட்டு இடையில் ஒரு வார்த்தை மட்டும் சேர்த்தார்: "எங்களிடம் படித்தவர் பெரும்பாலும் ஃபெயிலானதில்லை." டீச்சரும் அசரவில்லை. புது கிளட்சில் புது மாணவர்களை ஆஃப் பண்ண விட்டு, அழவிட்டு, ஓட்ட வைத்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் போர்டு இனிமேல்தான் நிஜமாகத் தன் தொண்டையில் தொங்கப் போகிறது என்று சொல்கிறாள். நம்பலாம் போலத்தான் இருக்கிறது.

வீட்டில் மட்டும் ஒன்று பாக்கி. தினம் சாயங்காலம் கம்பெனி வண்டியை வாசலில் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே தையல்காரர் கேட்கிறார்: "ரெண்டே வார்த்தை. 'என் தப்பு.' எப்ப வரும்?"

"பிரேக் போடறப்போ ஒரு சத்தம் வருதே, கேக்குதா உங்களுக்கு?" என்கிறாள் அவள்.

அவர் நின்று, வண்டியைக் கொஞ்சம் உருட்டி, பிரேக்கைப் பிடித்துக் காது கொடுத்துக் கேட்கிறார். சத்தம் வரத்தான் செய்கிறது.