பியானோ பேசிய ஆங்கிலம்

மேடையில் நான் ஒருநாளும் இருந்து வாசித்ததில்லை. பியானோவுக்கு முன்னால் கதிரை போட்டு வைத்திருப்பார்கள். அதைக் காலால் பின்னுக்குத் தள்ளிவிட்டு நின்றபடியே வாசிப்பேன். பார்த்தவர்கள் அதையும் சனத்தைச் சிரிக்கவைக்கும் என் பகிடியில் ஒரு பகுதி என்று நினைத்தார்கள். உண்மையில் எனக்கு இருப்புக்கொள்ளாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியேறிய ஸ்காபரோவில் ஊர்ச் சங்கங்களின் கலைவிழாக்கள் பெரும்பாலும் பள்ளிக்கூட மண்டபங்களில் நடக்கும். யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிகளிடம் பியானோ படித்தவள் என்பதால், பிள்ளைகளின் வரவேற்புப் பாட்டுக்கு வாசிக்க ஒருமுறை என்னைக் கூப்பிட்டார்கள். பாட்டு முடிந்தது. அடுத்து ஆடவேண்டிய பிள்ளைகள் இன்னும் உடுப்பு மாற்றி முடியவில்லை. அறிவிப்பாளர் ஓடிவந்தார்.

"அக்கா, ஒரு பத்து நிமிசம் ஏதாவது வாசியுங்கோ. சனம் எழும்புது."

சனம் ஏற்கெனவே எழும்பித் தேத்தண்ணிக்கும் ரோல்சுக்கும் போய்க்கொண்டிருந்தது. நடுப்பாதையில் ஒரு பருத்த மனிதர் மெல்ல நடந்தார். என்ன நினைத்தேனோ தெரியாது, அவர் வைத்த ஒவ்வோர் அடிக்கும் ஒரு தடித்த சுரத்தை அழுத்தினேன். அவர் நின்றார். நானும் நிறுத்தினேன். அவர் ஓர் அடி வைத்தார். ஒரு சுரம். அவர் திரும்பிப் பார்த்தார். நான் கூரை முகட்டைப் பார்த்தேன். மண்டபம் வெடித்துச் சிரித்தது. நல்ல மனிதர், கோபிக்கவில்லை. காற்சட்டையை மேலே இழுத்துவிட்டு இரண்டு அடி ஆடியும் காட்டினார். எழும்பியவர்கள் திரும்பி வந்து இருந்தார்கள்.

அதன்பிறகு ஐந்து வருடம் சனி, ஞாயிறு எனக்கு வீடு இல்லை. மாடிக்கு மாடி நிற்கும் லிஃப்ட், அதற்குள் ஒருவர் சேலையை ஒருவர் அளந்து பார்க்கும் அன்ரிமார், குளிரில் பஸ்ஸுக்காகத் துள்ளும் அங்கிள் என்று எல்லாவற்றையும் பியானோவில் நடித்தேன். கிழமை நாட்களில் நான் வேலை செய்த மருந்துக்கடையிலும் யார் எப்படித் தும்முகிறார்கள் என்றே காது போகும். பஸ் யன்னலில் விரல் தட்டிக்கொண்டே இருக்கும். சோறு அடிப்பிடித்த நாட்கள் அதிகம். கைதட்டல் ஓய்ந்த அடுத்த கணமே இனி என்ன செய்வது என்ற பதற்றம் பிடித்துக்கொள்ளும்.

என் கணவர் ஊரில் நிலஅளவையாளர். இங்கே பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் வேலை. ஆங்கிலத்தில் தொலைபேசி வந்தால் எழுந்து நிற்பார். சேட்டுக் கொலரைச் சரிசெய்வார். அந்தப் பக்கம் பெண் பேசினாலும் "யெஸ் சேர்" என்பார். விளங்காவிட்டால் "பார்டன்?" என்று கேட்பார். மூன்றாம் முறை கேட்க வெட்கப்பட்டு "தாங்க்யூ சேர்" என்று வைத்துவிடுவார்.

மோர்னிங்சைட் பக்கம் ஒரு விழாவில் கைவசம் புதிதாக எதுவும் இல்லாமல் தவித்தபோது அது தானாக வந்தது. வலக்கையின் மெல்லிய சுரங்கள் படபடவென்று ஆங்கிலம் பேசின. இடக்கை இரண்டு தடித்த சுரங்களில் "யெஸ் சேர்" என்றது. நான் கொலரைச் சரிசெய்து "பார்டன்?" என்று கேட்டதும் சனம் கதிரையில் இருக்க முடியாமல் சிரித்தது. தங்கள் தங்கள் வீட்டைப் பார்த்துத்தான் சிரித்திருப்பார்கள். மூன்றாம் வரிசையில் என் கணவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

காரில் சிவப்பு விளக்கில் நின்றபோது கேட்டார். "உது நான்தானே?"

"சும்மா ஒரு பகிடி."

"ஓம். நல்ல பகிடி."

அதற்குப் பிறகு அவர் தொலைபேசியைத் தொடவில்லை. மணி அடித்தால் குளியலறைக்குப் போய்விடுவார். எனக்கு அது தெரிந்தது. தெரிந்தும், கூப்பிட்டவர்கள் "அந்த ரெலிபோன் பகிடி கட்டாயம் வேணும் அக்கா" என்றபோது, அவர் வராத இரண்டு விழாக்களில் அதைத் திரும்பச் செய்தேன். வீட்டில் சொல்லவில்லை.

பெரிய பனி கொட்டிய ஒருநாள் காலை, தொழிற்சாலை பூட்டு என்று சொல்ல அங்கிருந்து தொலைபேசி எடுத்திருக்கிறார்கள். நான் வேலைக்குப் போய்விட்டேன். அவர் மணி அடிக்கவிட்டு, இரண்டு பஸ் மாறிப் போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். நான் வந்தபோது வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு இருந்தார். அவர் முன்னால் நிலத்தில் இருந்தேன். மற்ற இரண்டு விழாக்களையும் சொன்னேன்.

"தெரியும். வேலையிடத்திலை ஒருத்தர் வீடியோவிலை பாத்தவராம்."

"நான் செய்தது பிழை."

"பிழை இல்லை. அச்சொட்டா அப்பிடியே இருந்தது. அதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் கிடக்கு. நீர் ஒவ்வொருக்காலும் எனக்குப் பக்கத்திலை நிண்டு உதையெல்லாம் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறீர்."

கால் துடைக்கத் துவாய் எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த விழாவில் பின்வரிசையிலிருந்து "ரெலிபோன்! ரெலிபோன்!" என்று கத்தினார்கள். நான் அதைச் செய்யவில்லை. வேலைக்கான நேர்முகத்தில் நானே திக்கிய கதையைச் செய்தேன். சிரித்தார்கள், ஆனால் முன்னைப்போல இல்லை. சிலர் தேத்தண்ணிக்கு எழும்பினார்கள். பிறகு பெரிய ஒலிபெருக்கிகளோடு இசைக்குழுக்கள் வந்தன. அழைப்புகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. என் கணவர் மட்டும் எல்லா விழாவுக்கும் வந்தார். தொலைபேசியையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கத் தொடங்கினார், நான் அடுத்த அறையில் இருந்தால்.

கடைசியாக ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போனோம். அறிவிப்பாளர் என்னை வாசிக்கக் கூப்பிட மறந்துபோனார். சாப்பிட்டுவிட்டுப் பின்னேரமே வெளிக்கிட்டோம்.

"கவலையோ?" என்று காரில் அவர் கேட்டார்.

"தெரியேல்லை. வீட்டை போக மனமில்லை. கொஞ்சம் ஓடுங்கோ."

எங்கே என்று அவர் கேட்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும் சந்தியைத் தாண்டி ஏரிப் பக்கம் காரை விட்டார்.