நாடி எது, நாளம் எது

போன மாதம் இரத்தம் சோதிக்க வெள்ளவத்தையில் ஒரு ஆய்வுகூடத்துக்குப் போயிருந்தேன். ஊசியோடு நின்ற பிள்ளை என் முழங்கை மடிப்பைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "அன்ரி, உங்கட நரம்பு பிடிபடுதே இல்லை" என்றாள். அது நரம்பு இல்லை மகள், நாளம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஊசி வைத்திருப்பவரைத் திருத்தப் போகக்கூடாது என்கிற அளவுக்காவது வயது எனக்குப் புத்தி தந்திருக்கிறது. ஆனால் அந்த 'நரம்பு' என்ற சொல் இருக்கிறதே, அது என்னை நேரே சுகந்தியின் கராஜுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டது.

கராஜ் என்றால் கார் நிற்கிற கராஜ்தான். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில் ஹாஜியார் ஒருவரின் வீடு. அவர் காரை விற்றுவிட்டார். வெறுமையாகிவிட்ட கராஜில் வாங்கு போட்டு, நானும் சுகந்தியும் உயிரியல் வகுப்பு நடத்தினோம். சண்டைக் காலம். இரண்டு பேரும் உயர்தரம் எழுதிவிட்டுக் கம்பஸ் எப்போது கூப்பிடும் என்று காத்திருந்தோம். சுகந்தி யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக வந்து அதே வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தாள். நான் கொட்டாஞ்சேனைக்காரி, அப்பா துறைமுகத்தில் கிளார்க். சனிக்கிழமைகளில் கோயிலடியில் பஸ் ஏறி வருவேன். படிக்க வந்ததுகள் எங்களைவிட இரண்டு வயது இளையதுகள். அதுகள் எங்களை "டீச்சர்" என்று கூப்பிடும்போது எங்களுக்கே சிரிப்பு வரும்.

சோதினையில் "வேறுபாடு தருக" என்று ஒரு கேள்வி தப்பாமல் வரும். பிள்ளைகள் சறுக்கி விழுகிற இடமும் அதுதான். பரவலா பிரசாரணமா, மூச்சுவிடுதலா சுவாசமா, கலம் பிரிவதென்றால் இழையுருப்பிரிவா ஒடுக்கற்பிரிவா. நான் வரைவிலக்கணத்தைச் சொல்லிக்கொண்டே போவேன். பிள்ளைகள் கொட்டாவி விடும். சுகந்தி அப்படியில்லை. மூன்றாம் வீட்டில் யாரோ கருவாடு பொரித்தால் பாடத்தை நிறுத்திவிடுவாள். "மணக்குதே? அங்க கூட, இங்க குறைய. அதாலதான் வருது. இதுதான் பரவல். பிரசாரணத்துக்கு உது காணாது. நடுவில ஒரு மென்சவ்வு வேணும். தண்ணியை விடும், சீனியை மறிக்கும்."

"செக்பொயின்ற் மாதிரியோ டீச்சர்? பஸ்ஸை விட்டிட்டு எங்களை மறிக்கிற மாதிரி?" என்று கடைசி வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான்.

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள். அந்த நாள்களில் எங்களுடைய சிரிப்பு அப்படித்தான், பாதியில் திரும்பிப் பார்க்கும். ஒழுங்கைக்குள் ஜீப் திரும்புகிற சத்தம் கேட்டால் என் கையில் வெண்கட்டி உடைந்துவிடும்.

இரத்தச் சுற்றோட்டம்தான் மிகவும் குழப்பியது. நாடியில் ஒட்சிசன் உள்ள இரத்தம், நாளத்தில் ஒட்சிசன் இல்லாத இரத்தம் என்று பிள்ளைகள் பாடமாக்கி வைத்திருந்தார்கள். நுரையீரல் நாடிக்கு வந்ததும் அது கவிழ்ந்துவிடும். அது நாடிதான், ஆனால் கொண்டுபோவது ஒட்சிசன் குறைந்த இரத்தம். "நிறத்தைப் பாக்காதேங்கோ. இதயத்தை விட்டு வெளிய போனால் நாடி, இதயத்துக்குத் திரும்பி வந்தால் நாளம். போற திசையைப் பாருங்கோ" என்பாள் சுகந்தி. அதற்காகப் பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெரிய படம் ஒன்று கீறினாள். இதயம் நடுவில் ஒரு சுற்றுவட்டம், அதிலிருந்து சிவப்பிலும் நீலத்திலும் வீதிகள், எல்லாவற்றுக்கும் அம்புக்குறி. கீறி முடித்துச் சுவரில் ஒட்டியபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஒரு சனிக்கிழமை பம்பலப்பிட்டியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கிச் சோதித்தார்கள். நான் போய்ச் சேரப் பிந்திவிட்டது. ஒழுங்கை முகப்பில் பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். ஒருத்தி ஓடிவந்தாள்.

"டீச்சர், ரவுண்டப். ஒழுங்கையைச் சுத்தி வளைச்சவங்கள். சுகந்தி டீச்சரை ஏத்திக்கொண்டு போட்டாங்கள். அந்தப் படத்தையும் கழட்டிக்கொண்டு போட்டாங்கள்."

ஹாஜியார் கேற்றடியில் தொப்பியைச் சரிசெய்தபடி நின்றார். "வாங்க புள்ள, நானும் வாறன். நம்மட ஊட்டுல இருக்கிற புள்ளய உட்டுட்டு இருக்கேலுமா?" என்றார்.

பொலிஸ் நிலையத்தில் ஒரு வாங்கில் இருத்தினார்கள். என் மூச்சை நானே அடக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. மூச்சுவிடுவதைக் கொஞ்ச நேரம் நிறுத்தலாம். உடம்பின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் நடக்கிற சுவாசத்தை நிறுத்த முடியாது. இந்த வித்தியாசத்தை அன்றைக்கு அந்த வாங்கில் இருந்துதான் நான் சரியாக விளங்கிக்கொண்டேன். மத்தியானம் தாண்டிய பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். மேசையில் கலண்டர் தாள் விரிந்து கிடந்தது. நாலு மூலையிலும் தேத்தண்ணிக் கோப்பைகள் வைத்திருந்தார்கள்.

அதிகாரி ஒரு நீலக் கோட்டில் விரலை வைத்தார். "மே பார கொஹேத?"

இந்த வீதி எங்கே இருக்கிறது என்று கேட்கிறார். எனக்குக் கொட்டாஞ்சேனைத் தெருச் சிங்களம் நன்றாக வரும். ஆனால் உயிரியல் சிங்களம் எங்கே வரப்போகிறது? இது வீதி இல்லை சேர், இது உடம்பு, இது 'ஹதவத்த', இதயம் என்றேன். என் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினேன். அடிக்கிறதே, இது நாடி. புறங்கையில் நீலமாகத் தெரிகிறதே, அது திரும்பி வருகிற குழாய். அவர் என்னை நம்பவில்லை. ஆனாலும் தன் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தாளைத் தன் பக்கம் திருப்பினார். வெளியே போவதெல்லாம் சிவப்பு என்றால் இந்த ஒன்று மட்டும் ஏன் நீலம்? "லே ரதுநே!" என்றார். இரத்தம் சிவப்புத்தானே.

நுரையீரல் நாடி! எங்கள் கடைசி வாங்குக்காரன் வாராவாரம் கேட்கிற அதே கேள்வி. பயத்தை மறந்து எனக்கு உற்சாகம் வந்துவிட்டது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நெஞ்சைத் தட்டி, மூச்சை இழுத்து விட்டு, நிறம் அடையாளம் தெரியத்தான், போகிற திசைதான் கணக்கு என்று தெரிந்த சிங்களம் முழுவதையும் கொட்டினேன். ஹாஜியார் பக்கத்தில் நின்று, தனக்கு எல்லாம் விளங்கியதுபோல் தலையை ஆட்டினார். அதிகாரி தாளை மடித்து வைத்தார். பிறகு ஹாஜியாரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, உள்ளே பார்த்து ஏதோ சொன்னார்.

சுகந்தி வெறுங்காலோடு வந்தாள். படத்தைத் திருப்பித் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பஸ் ஓடுகிற காலி வீதிக்கு வந்ததும், "என்ன கேட்டவங்கள்?" என்றேன்.

"என்ன கேட்டவங்கள் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? நான் 'ஹாட்', 'ஹாட்' எண்டு நெஞ்சைத் தொட்டுக் காட்டினன். எனக்கு நெஞ்சு நோகுதாக்கும் எண்டு தண்ணி கொண்டுவந்து தந்தாங்கள்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் என் கையை இறுக்கிப் பிடித்தவள் வீடு வரும்வரை விடவில்லை.

அதன் பிறகு சுவரில் ஒன்றும் ஒட்டவில்லை. சுகந்தி விரலால் காற்றில் கீறுவாள். பிள்ளைகளும் கையைத் தூக்கிக் காற்றில் கீறுவார்கள். பதினைந்து பேர் சத்தமில்லாமல் காற்றில் இதயம் கீறுவதை வெளியிலிருந்து யாராவது பார்த்திருந்தால் இன்னும் பெரிய சந்தேகம் வந்திருக்கும். அவளால் பழையபடி ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. பாடத்தின் நடுவில் எழுந்து கேற்றடிக்குப் போவாள், வருவாள், மறுபடி போவாள். கடற்கரையோரத் தண்டவாளத்தில் ரயில் போனால் பேச்சை நிறுத்திவிட்டு, அது போய் முடிந்த பிறகும் பேசாமல் நிற்பாள்.

ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிய, "வாற கிழமை ஒடுக்கற்பிரிவை நீர் எடும். பிள்ளையள் அதிலதான் பிழை விடுவினம்" என்றாள்.

"ஏன், நீர் எங்க போறீர்?"

"சும்மா. எடுமன்."

அடுத்த சனி பின்னறை திறந்து கிடந்தது. ஏஜென்சி மூலம் போய்விட்டாள் என்று ஹாஜியார் மெல்லச் சொன்னார். எந்த நாடு என்று அவருக்கும் தெரியாது. நான் கராஜுக்குள் போய் ஒடுக்கற்பிரிவு எடுத்தேன். இழையுருப்பிரிவில் பிரிகிற இரண்டும் தாய்க்கலத்தைப் போலவே இருக்கும். ஒடுக்கற்பிரிவில் ஒவ்வொன்றும் பாதியைத்தான் கொண்டுபோகும் என்று சொல்லி விரலால் காற்றில் கீறிக் காட்டினேன். பிள்ளைகள் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

பல வருடம் கழித்து ஒருமுறை கனடாவிலிருந்து தொலைபேசி எடுத்தாள். பிள்ளைகளைப் பற்றிக் கதைத்தோம், பனியைப் பற்றிக் கதைத்தோம். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. பிறகு அந்த இலக்கமும் மாறிவிட்டது.

இரத்தம் கொடுத்துவிட்டு அன்றைக்கு அந்த ஒழுங்கைக்குள் நடந்தேன். ஹாஜியார் இல்லை. வீடு இல்லை. அந்த இடத்தில் கடலை முழுவதாக மறைத்துக்கொண்டு மாடிவீட்டுத் தொடர் ஒன்று நிற்கிறது. வாசலில் சீருடையோடு இருந்த காவலாளி மரியாதையாக எழுந்து, யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். சொல்வதற்கு ஒரு பெயரும் என்னிடம் இல்லை.