என் முகத்தில் இன்னொருத்தி குரல்

சிறந்த நடிகைக்கான விருது கை நழுவிப் போனதற்கு நான்தான் காரணம் என்று அந்தப் படத்தின் இயக்குநர் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாராம். சொல்லட்டும். அது உண்மைதான்.

நான் நடிகை இல்லை. தூத்துக்குடியில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் எங்களுக்கு ஒரு வலைக்கடை இருக்கிறது. வலை, கயிறு, மிதப்பு, ஈயக்குண்டு எல்லாம் விற்போம். சரக்கு எடுக்க என் கணவர் போவார். கல்லாவில் நான் இருப்பேன். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு மதியம், சென்னையிலிருந்து வந்த இளம் இயக்குநர் ஒருவர் படப்பிடிப்புக்குப் பழைய கயிறு வேண்டும் என்று கடைக்குள் வந்தார். அந்த நேரம் நான் ஒரு படகு முதலாளியோடு வாதாடிக்கொண்டிருந்தேன். வாங்கிய வலையைப் பிரிக்கவே இல்லை, திருப்பி எடுத்துக்கொள் என்றார் அவர்.

"நல்லா பாருங்க அண்ணாச்சி. வலையில செதில் ஒட்டிக்கிட்டு கெடக்கு. கடலையே பாக்காத வலைக்கு மீன் செதில் எங்கன இருந்து வந்துச்சி?"

படகு முதலாளி வலையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். இயக்குநர் கயிற்றை மறந்துவிட்டு, "அக்கா, என் படத்துல நடிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

கணவன் இறந்த பிறகு அவனுடைய வள்ளத்தை, அந்த நாட்டுப் படகை, விற்றுவிடு என்று நெருக்கும் கொழுந்தன்மாரை எதிர்த்து நிற்கிற ஒரு பெண்ணின் கதை அது. அந்தப் பெண்ணாக நான். என் கணவரிடம் கேட்டேன். "கடைய நான் பாத்துக்கிடுதேன். நீ போயிட்டு வா," என்றார்.

ஆலந்தலைக் கடற்கரையில் படப்பிடிப்பு நடந்தது. எழுதிக் கொடுத்த வசனம் எந்த ஊர்ப் பேச்சாகவும் இல்லை. "தம்பி, இப்படி இங்கன யாரும் பேச மாட்டாங்க," என்று முதல் நாளே சொன்னேன். "நீங்க எப்படிப் பேசுவீங்களோ அப்படியே பேசுங்க அக்கா. அதுதான் படம்," என்றார். அப்படியே பேசினேன். கொழுந்தன்மார் முன்னால் நின்று, "எங்க வள்ளம் எங்கன கெடக்கோ அங்கனதான் நானும் கெடப்பேன்" என்று நான் சொன்னதும், வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். கடல்காற்றில் ஒலிப்பதிவு சரியாக வராது, சென்னைக்கு வந்து ஒருமுறை டப்பிங் பேச வேண்டியிருக்கும் என்றார்கள். கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். கூப்பிடவே இல்லை. காற்று நல்லபடியாக ஒத்துழைத்துவிட்டது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

வேறு மாநிலத்தில் நடந்த ஒரு சர்வதேச விழாவின் போட்டிப் பிரிவுக்குப் படம் தேர்வானது. பல நாட்டுப் படங்கள், பல நாட்டு நடுவர்கள். என்னையும் என் கணவரையும் அழைத்திருந்தார்கள். பெரிய அரங்கு. விளக்கு அணைந்தது. என் முகம் திரை முழுக்க வந்தது. வாய் அசைந்தது. வந்த குரல் என்னுடையது இல்லை.

என் கணவர் என் பக்கம் சாய்ந்தார். "ஏளா, இது யாரு பேசுதா?"

நல்ல குரல்தான். இளசாக, தேன் மாதிரி. கொழுந்தன்மார் முன்னால் நின்று அந்தக் குரல், "எங்க படகு எங்க இருக்கோ அங்கதான் நானும் இருப்பேன்" என்றது. வள்ளம் போய்விட்டது. கெடப்பேன் போய்விட்டது. யாரோ என் வாய்க்குள் கையை விட்டு நாக்கை மாற்றி வைத்த மாதிரி இருந்தது. படம் முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

வெளியே இயக்குநரைப் பிடித்தேன். "காத்துல சவுண்ட் போயிடுச்சுக்கா. அதோட, உங்க ஊர்ப் பேச்சு சென்னையிலயே பாதிப் பேருக்குப் புரியாது. இது வெளிநாட்டுக்கெல்லாம் போற படம்," என்றார்.

"வெள்ளக்காரங்க கீழ ஓடுத இங்கிலீஷ் எழுத்தத்தான படிக்காங்க? அவங்களுக்கு நான் பேசினா என்ன, அந்தப் பொண்ணு பேசினா என்ன? யாருக்குப் புரியணும்னு என் பேச்ச எடுத்தீங்க?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தணித்தார். சிறந்த நடிகைக்கு என் பேர் நடுவர்களிடம் அடிபடுகிறதாம். ஆனால் விதிப்படி நடித்தவரே பேசியிருக்க வேண்டுமாம். "சொந்தக் குரல்னுதான் சொல்லியிருக்கேன். முடிவு வர்ற வரைக்கும் ஒண்ணும் பேசாதீங்கக்கா. அப்புறம் என்னைத் திட்டுங்க, அடிங்க. விருது உங்களுக்குத்தானே?"

விடுதி அறையில் என் கணவரிடம் சொன்னேன். "ஒனக்கு விருது வேணுமா?" என்று கேட்டார். வேண்டும் என்றேன். வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்? ஒருவேளை கிடைத்தால் கட்டலாமென்றே பட்டுச் சேலை எடுத்து வந்திருந்தேன்.

மறுநாள் பத்திரிகையாளர் சந்திப்பு. தமிழ் தெரிந்த ஒரு கல்லூரி மாணவியை மொழிபெயர்க்க எனக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். ஒரு வெளிநாட்டு நிருபர் எழுந்து, இவ்வளவு அழகான குரலை எப்படிப் பயிற்சி செய்தீர்கள் என்று கேட்டார். இயக்குநர் முந்திக்கொண்டு, அது அக்காவுக்குப் பிறவியிலேயே வந்தது என்றார்.

நான் மைக்கை அவர் கையிலிருந்து வாங்கினேன். "அது என் குரல் இல்ல. என் குரல் இதுதான், இப்ப நீங்க கேக்கது. இது புரியாதுன்னு எடுத்துட்டாங்க. என் முகத்துல வேற ஒருத்தி பேசுதா. அவ யாருன்னு எனக்குத் தெரியாது."

அந்த மாணவி என்னையே பார்த்தாள். "அப்படியே சொல்லவா?" என்று கேட்டாள். "ஒரு வார்த்த விடாம சொல்லு," என்றேன்.

மாலைக்குள் நடுவர்கள் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்; அந்த மாணவியும் கூட வந்தாள். குழுத் தலைவர் ஐரோப்பாவிலிருந்து வந்த வயதான பெண்மணி. பக்கத்தில் நம் நாட்டு நடுவர் ஒருவர். அவர்தான் பேசினார். நடிப்பு முகத்தில் இருக்கிறது, குரல் ஒரு தொழில்நுட்ப விஷயம், நாங்கள் உங்களுக்குக் கொடுக்கவே விரும்புகிறோம் என்றார். "ஒரு சில இடத்திலாவது நீங்க பேசியிருப்பீங்களே?" என்று கேட்டார். கதவை எனக்காகத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறார் என்பது புரிந்தது. இயக்குநர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வரிகூட நான் பேசல."

மாணவி மொழிபெயர்த்தாள். தலைவி என்னிடம், இதனால் விருதை இழப்பீர்கள் என்று தெரியுமா என்று கேட்டார்.

"தெரியும். குரல் தனி, மொகம் தனின்னு இந்த ஐயா சொல்லுதாங்க. எனக்கு அப்படி இல்ல. நான் கடையில நின்னு பேசினதக் கேட்டுத்தான் இந்தத் தம்பி என்னக் கூப்பிட்டாரு. மொகத்தப் பாத்து இல்ல."

அந்த அம்மாள் சிரிக்கவில்லை; பாராட்டவும் இல்லை. நன்றி, நீங்கள் போகலாம் என்றார். விதியை விதியாக வைத்துக்கொண்டார். எனக்கு அது மரியாதையாகவே பட்டது.

விருது வேறு நாட்டுப் பெண் ஒருத்திக்குப் போனது. எங்கள் படத்துக்கு ஒளிப்பதிவு விருது. இயக்குநர் மேடையேறி எல்லோருக்கும் நன்றி சொன்னார், என்னைத் தவிர. நான் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு முன்வரிசையில் கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் விருதைத் தூக்கிக் காட்டியபோது வயிறு எரிந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது? எரிந்துகொண்டேதான் கை தட்டினேன்.

ஊருக்கு வந்து சில வாரம் கழித்துக் கடைக்கு ஒரு போன். பேசத் தொடங்கியதுமே யாரென்று தெரிந்துவிட்டது. திரையில் என் வாயிலிருந்து வந்த அதே குரல்.

"அக்கா, உங்களுக்குப் பேசினது நான்தான். செய்தியில பார்த்தேன். என் மேல கோவமா?"

"ஒன் மேல என்னத்துக்கு கோவம்? நீ ஒன் வேலைய செஞ்ச."

வருடக்கணக்காக எத்தனையோ பேருக்குப் பேசியிருக்கிறேன், பல படங்களில் என் பேரே வராது என்றாள். "இதுலயும் போடல. யாரோ ஒருத்தி பேசினான்னு நீங்க சொன்னதாலதான் அப்படி ஒருத்தி இருக்கான்னே தெரிஞ்சது. இப்ப நானும் கேட்கப்போறேன்."

"கேளு. விட்டுக் குடுக்காத," என்றேன்.

அவள் கேட்டாள். சண்டை பிடித்து வாங்கினாள். படம் இணையத்தில் வந்தபோது அவள் பேர் இருந்தது. குரல் மட்டும் மாறவில்லை. மறுபடி பேசித்தருகிறேன், காசே வேண்டாம் என்று நான் சொல்லி அனுப்பியும் இயக்குநர் ஒப்புக்கொள்ளவில்லை. கடைக்கு வருகிற மீன்பிடிக்காரர்கள் பார்த்துவிட்டு, "மைனி, அதுல நீங்க இல்லியே, ஒங்கள மாதிரி யாரோதான இருக்கு," என்கிறார்கள். நான் நடந்ததைச் சொல்லுவேன். எத்தனை பேர் கேட்டாலும் முதலிலிருந்து சொல்லுவேன்.

போன மாதம் இன்னொரு இயக்குநர் வந்தார். கதை நல்ல கதை. "உங்க பேச்சை மட்டும் கொஞ்சம் சரிபண்ணிக்கலாம்," என்றார்.

"இதுல என்ன சரியில்ல?"

யோசித்துவிட்டுச் சொல்கிறேன் என்று போனார். இன்னும் வரவில்லை. அதற்குள் நான் ஒரு காரியம் செய்தேன். என் போனை மேசையில் நிறுத்தி வைத்து, அந்தப் படத்தில் நான் பேசியதையெல்லாம் முதலிலிருந்து கடைசிவரை என் குரலில் பேசிப் பதிந்தேன். கடைக்கு வந்தவர்கள் நின்று கேட்டார்கள். என் கணவர் அதைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருக்கிறார். அந்தப் படத்து இயக்குநருக்கும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.