தங்கையைப் பற்றி நான் எழுதிய ஆறு வரி

என் தங்கை கீதா பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாள். ஆறு வருடமாக அந்தக் கம்பெனிக்கு வரும் போன் எல்லாம் அவள் கையைத் தாண்டித்தான் உள்ளே போகும். எத்தனையோ பேருடைய சங்கதி காதில் விழுந்திருக்கும். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. தன்னைப் பற்றியும் அப்படித்தான், வாயைத் திறக்க மாட்டாள்.

அவள் மறைத்தது ஒன்றே ஒன்று. பதினான்கு வயதுவரை அவளுக்கு வலிப்பு வரும். அப்புறம் வரவே இல்லை. மாத்திரையைக்கூட டாக்டரே நிறுத்திவிட்டார். அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம் அது. கம்பெனிக்குத் தெரிந்தால் அந்த நாற்காலியில் உட்கார விடமாட்டார்கள் என்று உள்ளூர பயந்துகொண்டே இருந்தாள்.

தொண்ணூற்று ஒன்பதில் அவளுக்கு இருபத்தாறு வயது. வரன் எதுவும் அமையவில்லை. காந்திபுரத்தில் புதிதாகப் பிரவுசிங் சென்டர் திறந்திருந்தார்கள். இன்டர்நெட்டில் கல்யாணத்துக்கென்றே இடம் இருக்கிறதாம். பெரிய கெட்டிக்காரன் மாதிரி நான் போய் உட்கார்ந்தேன். கீதாவைக் கேட்கவில்லை. அண்ணன்காரன் எதற்குக் கேட்க வேண்டும் என்ற திமிர்தான், வேறென்ன?

பெயர், குலக்கூட்டம், நட்சத்திரம் எல்லாம் போட்டேன். கடைசியில் ‘பெண்ணைப் பற்றி’ என்று ஒரு பெரிய கட்டம். எங்கள் பக்கத்தில் ஏதாவது குறை இருந்தால் தரகர் காதில் போட்டுவைப்போம். அவர் ஆள் பார்த்து, நேரம் பார்த்துப் பக்குவமாகச் சொல்லுவார். அந்தக் கம்ப்யூட்டரையும் ஒரு தரகர் என்றே நான் நினைத்துவிட்டேன். வலிப்பு வந்தது, நின்றது, மாத்திரை, டாக்டர் பெயர் என்று ஆறு வரி எழுதினேன். வீட்டில் போன் இல்லாததால் கீதாவின் கம்பெனி நம்பரைக் கொடுத்தேன். ஒளிவுமறைவில்லாதவன் என்று பெருமை வேறு.

இரண்டு வாரத்தில் போன் வர ஆரம்பித்தது. எடுத்தவள் கீதாவேதான். பெருந்துறையிலிருந்து ஒருவர், பேசுவது யாரென்று தெரியாமல் அவளிடமே விசாரித்தார். “ஏனுங்க, அங்க வேலை செய்யற கீதாங்கற புள்ளைக்கு வலிப்பு இருந்துச்சாமே, இப்ப எப்படிங்க?”

“இப்ப இல்லைங்க” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாளாம்.

அதற்குள் கம்பெனியிலேயே யாரோ அந்த இன்டர்நெட் பக்கத்தைப் பார்த்து அச்செடுத்துவிட்டார்கள். காகிதம் கைமாறி மேனேஜர் மேசைக்குப் போனது. அவர் கீதாவைக் கூப்பிட்டு, “உங்க நல்லதுக்குத்தானுங்க அம்மணி” என்று சொல்லி, ஸ்டோர்ஸில் பில் அடுக்கும் வேலைக்கு மாற்றினார்.

அன்று சாயங்காலம் அந்தக் காகிதத்தை என் முன்னால் வைத்தாள்.

“இது நீங்க எழுதுனதுங்களாண்ணா?”

“நல்லதுக்குத்தான் கண்ணு செஞ்சுபோட்டேன். மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க மட்டும் பாப்பாங்கன்னு நெனச்சேன்.”

“மேனேஜரும் நல்லதுக்குன்னுதான் சொன்னாருங்க.”

மறுநாளே அதை எடுத்துவிடலாம் என்று பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். பாஸ்வேர்டு மறந்துபோயிருந்தது. அந்த இன்டர்நெட்காரர்களுக்குக் கெஞ்சிக் கெஞ்சி எழுதி, அந்தப் பக்கத்தை எடுக்க ஒரு மாதம் ஆனது. கம்பெனியில் கைமாறிய காகிதங்களை யாரிடம் போய்க் கேட்பது? பீளமேடு பக்கம் பஸ்ஸில் போனால்கூட நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

கார்த்திகை மாதம் தரகர் வேங்கடசாமி வீட்டுக்கு வந்தார். காபியைக் குடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“புள்ளையப் பத்திக் கொஞ்சம் வெவரமாச் சொல்லுங்க தம்பி.”

நான் வாய் திறப்பதற்குள் கீதா உள்ளேயிருந்து வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“என்னையப் பத்தி நானே சொல்லிக்கறனுங்க” என்றாள் அவரிடம். பிறகு, என் முகத்தைப் பார்க்காமலே, “அண்ணா, நீங்க செத்த நேரம் வெளிய இருங்க” என்றாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய் நின்றேன். அரை மணி நேரம் பேசினார்கள். என்ன சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவளிடம் கேட்க எனக்கு முகமும் இல்லை.